வெள்ளையணுக்களை வழியனுப்பும் முறை

உலகத்தில் இருப்பது ஒரே ஒரு பேய்தான். அது வெள்ளையாக இருக்கும், ரத்தத்தில் இருக்கும், வடிகட்டியில் மாட்டிக்கொள்ளும். மனிதகுலத்தை இதுவரை பிடித்த அத்தனை பேய்களும் இதன் மாறுவேடம்தான் என்பதும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் மருத்துவமனையின் தரைத்தளத்தில், குளிர்பதனப் பெட்டிகளுக்கு அடுத்த அறையில், முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்பதும் ஐயம் திரிபற நிரூபிக்கப்பட்ட உண்மைகள். நிரூபித்தவன் அவனே.

அவனுக்குப் பெயர் வடிகட்டி. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அட்டை எந்நேரமும் திரும்பியே தொங்கியதால் அதைப் படித்தவர் யாருமில்லை. ரத்த வங்கியில் வேலை கிடைத்து, வெள்ளையணு நீக்கும் அறையில் உட்கார வைக்கப்பட்ட அன்று அவனுடைய மச்சான்தான் இந்தப் பெயரைச் சூட்டினான். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அதற்கு முன்பே கல்லூரியில் ஒரே பெஞ்சு. "வடிகட்டின முட்டாள்னு உன்னை எல்லாரும் இத்தனை நாள் சும்மா வாய்வார்த்தையாத்தான் சொன்னாங்க. இப்ப ஆர்டரே அடிச்சுக் கொடுத்துட்டாங்கடா" என்றான் மச்சான்.

மச்சான் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. வேலைக்குக் கிளம்பிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவன், கடைசி நிறுத்தம் வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்த பொருள்களில் பர்ஸ் இருந்தது, செல்போன் இருந்தது, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்கூட இருந்தது. கைக்கடிகாரம் மட்டும் இல்லை. எவனோ கழற்றிக்கொண்டான் என்று முடிவு செய்தார்கள். பெயர் வைத்தவன் போய்விட்டான், வைத்த பெயர் போகவில்லை.

வடிகட்டியின் வேலை பார்க்கச் சின்ன வேலைதான். சுவரில் உயரத்தில் ஒரு கொக்கி. கொக்கியில் ரத்தப் பை. பையிலிருந்து இறங்கும் குழாயின் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை வட்டு. அதற்கும் கீழே, தொட்டில் பிள்ளை மாதிரி ஒரு தட்டில் கிடக்கும் காலிப் பை. குழாயின் கவ்வியைத் திறந்துவிட்டால் ரத்தம் தன் பாரத்தில் தானே இறங்கும். சிவப்பணுக்கள் வழுக்கிக்கொண்டு வட்டைத் தாண்டிவிடும். வெள்ளையணுக்கள் உள்ளே இருக்கிற இழைகளில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கீழ்ப்பை நிறைந்ததும் குழாயைச் சூடு வைத்து அடைத்து, வட்டை வெட்டி எடுத்து, கழிவுக்கான மஞ்சள் தொட்டியில் போட வேண்டும். இந்த வேலையில் செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: ஓட்டம் மெதுவாகிறதே என்று மேல்பையைக் கையால் அழுத்தக்கூடாது. அழுத்தினால் நெரிசலில் வெள்ளையணுவும் இழையை மீறிக் கீழே போய்விடும்.

"வெள்ளையணுன்னா யாரு?" என்று கேன்டீனில் பாடம் நடத்துவான். "ஒருத்தன் வீட்டு வாட்ச்மேன். அந்த வீட்டைக் காக்கறதுக்குன்னே பொறந்தவன். அவனைத் தூக்கிட்டுப் போயி அடுத்தவன் வீட்டுல விட்டா சும்மா இருப்பானா? வீட்டுக்காரனையே 'யாருய்யா நீ'ன்னு கேட்பான். வீட்டுக்காரன் தன் ஆளுங்களைக் கூப்பிடுவான். அடிதடி. உடம்பு தூக்கித் தூக்கிப் போடும், குளிரும், காயும். அதுக்குத்தான் பேய்னு பேர் வச்சிருக்கீங்க."

"எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குப் பிடிச்சுதே?" என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன். "அது யாரு ரத்தமும் ஏத்திக்கலையே?"

"கொசு கடிச்சிருக்கும். கொசுதாண்ணே வடிகட்டி வைக்காத ரத்த வங்கி."

ரத்தம் எடுக்கும் பிரிவின் ஊசி அக்காவுக்குப் புரையேறி, குடித்த தேநீர் மூக்கில் வந்தது. வடிகட்டி சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரிக்கும்போது தான் சிரிக்கக்கூடாது என்பது அவன் கொள்கை.

அவன் வீட்டில் அவனுடைய அத்தை இருந்தார். மனைவியின் அம்மா. மகன் போன பிறகு தனியாக இருக்க வேண்டாமென்று அழைத்து வந்திருந்தார்கள். வந்த கொஞ்ச நாளில் அத்தையின் எலும்புக்குள் ரத்தம் செய்யும் இடம் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. கோரிக்கை என்னவென்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. மாதத்துக்கு ஒரு பையாவது ஏற்றினால்தான் அத்தை மாடிப்படி ஏறுவார், சண்டை போடுவார்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில்தான் ஏற்றினார்கள். அங்கே வடிகட்டி கிடையாது. ஒவ்வொரு பைக்கும் ஒரு குளிர் வரும். இரண்டு கம்பளியைத் தாண்டிக் கட்டில் ஆடும். குளிரோடு ஓர் ஆள் வருவார் என்பது அத்தையின் கட்சி.

"நேத்து வந்தவ உட்காரவே இல்ல மாப்பிள்ளை. நின்னுக்கிட்டே பிள்ளைங்களை எண்ணிட்டு இருந்தா. எண்ணி முடிக்கிறா, திரும்ப எண்ணுறா. ஒண்ணு குறையுது போல."

"காய்ச்சல் அத்தை."

"போன மாசம் வந்தவன் வாயே திறக்கல. கட்டில் ஓரமா உட்கார்ந்து அறுந்த செருப்பையே பார்த்துட்டு இருந்தான். வாங்க, உட்காருங்க, ரொம்ப தூரமான்னு கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினான்."

"அதுவும் காய்ச்சல்தான் அத்தை."

"காய்ச்சலுக்கு எதுக்கு மாப்பிள்ளை செருப்பு?"

பதில் இல்லாத இடங்களில் அவன் நடித்துக் காட்டுவான். மறுநாள் கேன்டீனில் ஒரு காலி ரத்தப் பையை இரண்டு விரலால் காதைப் பிடிப்பது போலப் பிடித்து, நாற்காலியில் உட்கார வைத்து, குனிந்து கும்பிட்டான். "வாங்க, வாங்க. உட்காருங்க. ரொம்ப தூரமா? கல்லீரல் பக்கம் நெரிசலா இருந்திருக்குமே. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? சின்னவன் நிணநீர்ல வேலைக்குச் சேர்ந்துட்டானா?" கேன்டீன் விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு அவனைப் பார்க்கும்போதெல்லாம் டிரைவர் அண்ணன் "வாங்க, ரொம்ப தூரமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு தடவை அத்தைக்குக் குளிர் எல்லை மீறி, நாக்கைக் கடித்துக்கொண்டு உதடெல்லாம் ரத்தம். மனைவி பயந்துபோய் அழுதாள். வடிகட்டி மார்தட்டினான். "என் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. என் கையால வடிகட்டின ரத்தம் இன்னிவரைக்கும் ஒரு ஈ எறும்பைக்கூட நடுங்க வச்சதில்ல."

சொன்னபடியே நடந்தது. பை ஏறி முடிந்தது. கம்பளி மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. மேல்மாடி டாக்டரம்மா வெப்பமானியைப் பார்த்துவிட்டு அவனைப் பாராட்டினார். மனைவி முதல் தடவையாக அவனை மரியாதையாகப் பார்த்தாள். அத்தை மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு அத்தை?"

"யாரும் வரல."

"அதுக்குத்தானே வடிகட்டி."

"வந்தாங்களா?"

"வந்திருப்பாங்க. வட்டுல மாட்டியிருப்பாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? தொட்டியில போட்டாச்சு."

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வாசல் வரைக்கும் வந்த மனுஷங்களை, ஏன்னு ஒரு வார்த்தை கேட்காம, குப்பையில போட்டீங்களா?"

வீட்டுக்குப் போகும் வழியில்தான் விஷயம் வெளியே வந்தது. மச்சானும் ரத்தம் கொடுக்கிறவன். பிறந்தநாள் வந்தால் புதுச்சட்டைக்கு முன்னால் அதைத்தான் செய்வான். யாரோ ஒருவர் உடம்பில் அவன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பான், அந்த யாரோ வேறு யாருக்கோ கொடுத்திருப்பார், கை மாறிக் கை மாறி என்றாவது ஒருநாள் இந்தக் கட்டிலுக்கு வந்து சேருவான் என்று அத்தை கணக்கு வைத்திருந்தார். வந்தவர்களிடமெல்லாம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "என் பையனை எங்கயாவது பார்த்தீங்களா?" செருப்பு அறுந்தவன் தலையாட்டியது அதற்குத்தான். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று கேட்பதற்குள் நர்ஸ் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டாள்.

"அத்தை, ரத்தம் அப்படியெல்லாம் கை மாறாது. சிவப்பணுவுக்கு ஆயுசே நாலு மாசம். மச்சான் போயி…"

"தெரியும் மாப்பிள்ளை. அவன் போயி எவ்வளவு நாளாச்சுன்னு எனக்கு நீங்க சொல்லித் தரவேண்டாம்."



அடுத்த பைக்கு நாள் வந்தபோது அத்தை பழைய ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்றார். டாக்டரம்மா உட்கார வைத்துப் பேசினார். வெளியாள் வெள்ளையணு உள்ளே போகப் போக, உடம்பு அந்நியர்களை அடையாளம் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளும்; நாளைக்கு ரத்தம் உறைய வைக்கிற தட்டணுக்கள் ஏற்ற வேண்டி வந்தால், ஏற்றின வேகத்தில் அழித்துவிடும்; அப்போது எந்தப் புண்ணியவான் கொடுத்தாலும் நிற்காது.

"அப்படின்னா வெளியாள் எதுக்கு? என் பொண்ணு கொடுக்கட்டும்" என்றார் அத்தை.

"அது அதைவிட ஆபத்தும்மா. சொந்தக்காரங்க அணுவை உடம்பு சந்தேகப்படாது, நம்ம பிள்ளைதானேன்னு கதவைத் திறந்து விட்டுடும். உள்ள போனது அப்படி நினைக்காது. வீட்டையே இடிச்சிடும். அதுக்கு வடிகட்டி மட்டும் போதாது, கதிர்வீச்சும் காட்டணும்."

அத்தை வடிகட்டியைத் திரும்பிப் பார்த்தார். "மாப்பிள்ளையை வீட்டோட சேர்த்துக்கிட்ட மாதிரின்னு சொல்லுங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். வடிகட்டி கொள்கைப்படி சிரிக்கவில்லை. ஆனால் அன்று முழுவதும் ஒன்று அவனைத் தொந்தரவு செய்தது. மச்சான் நிஜமாகவே ஒரு பையில் வந்தால், உலகத்திலேயே அத்தைக்கு ஆகாத பை அதுதான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எவ்வளவு ஆடும் என்று அவர்கள் சொன்னதில்லை.

கடைசியில் அத்தை ஓர் உடன்படிக்கைக்கு வந்தார். வடிகட்டட்டும். ஆனால் வட்டில் நிற்கிறவர்களை அவர் சார்பில் மாப்பிள்ளை "வாங்க" என்று சொல்ல வேண்டும். பையனைப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். அனுப்பும்போது "போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டும். "வாசல்ல நிக்க வச்சே பேசுங்க, தப்பில்ல. முகத்தைத் திருப்பிக்காதீங்க, அவ்வளவுதான்."

"ஆகட்டும் அத்தை" என்றான் வடிகட்டி, நீதிமன்றத்தில் சத்தியம் செய்கிற முகத்தோடு.

அவன் சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் பை ஏறி முடிந்து வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் ஒப்பிக்க மட்டும் தவறவில்லை. முதல் ஆள் வங்கியில் கணக்கர். வந்தவுடனே அறையில் மின்விசிறி சத்தம் போடுகிறதே, புகார் கொடுத்தீர்களா என்று கேட்டாராம். அடுத்தது பள்ளிக்கூட டீச்சர். வெள்ளையணுக்களை உயரவாரியாக வரிசையில் நிறுத்திவிட்டாராம். அதற்கடுத்தவர் அரசியல்வாதி, வட்டில் மாட்டியதை மாட்டியது என்று ஒப்புக்கொள்ளவே இல்லையாம், மக்கள் விருப்பப்படி அங்கே தங்கியிருக்கிறாராம். யாருக்கும் மச்சானைத் தெரியவில்லை. அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார். அதே கதைகளைக் கேன்டீனிலும் சொல்லுவான். அங்கே வரவேற்பு இன்னும் நன்றாக இருந்தது.

"ஏங்க அம்மாகிட்ட இப்படிப் புளுகுறீங்க?" என்றாள் மனைவி.

"ரத்தம் ஏறுதா இல்லையா?"

"ஒரு வார்த்தைதானே. நிஜமாவே சொன்னாத்தான் என்ன? வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

"யார்கிட்ட சொல்லச் சொல்ற? பிளாஸ்டிக் வட்டுகிட்டயா? நான் படிச்சவன்டி."

"என் அண்ணனும் நீங்களும் ஒரே பெஞ்சுலதான் படிச்சீங்க. என்ன படிச்சீங்கன்னு எனக்குத் தெரியும்."

கதைச் சரக்கு தீர்ந்துபோன ஒரு நாளில், ஆட்டோ சிக்னலில் நிற்கும்போது, அத்தையே கேட்டார்: "இன்னிக்கு யாரு?" வடிகட்டி கைக்கு வந்ததைச் சொன்னான். "ஒரு கடிகாரக்காரர் அத்தை. ரெண்டு கையிலயும் கடிகாரம் கட்டியிருந்தார். ரெண்டுலயும் வேற வேற நேரம்."

"ஏன் ரெண்டு?"

"அதைக் கேட்கல."

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அத்தை மெதுவாகச் சொன்னார். "மாப்பிள்ளை, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. கணக்கர், டீச்சர், அரசியல்வாதி, யாரு வந்தாலும் உங்களை மாதிரியே பேசுறாங்க."

"அத்தை…"

"எங்கிட்ட வந்தவங்க யாரும் யாரை மாதிரியும் பேசல. முக்காவாசிப் பேரு பேசவே இல்ல. நீங்க ஒரு தடவைகூட வாங்கன்னு சொல்லல, இல்ல?"

அவன் குனிந்து அத்தையின் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தான்.

"இனிமே எனக்குப் பை வேண்டாம்" என்றார் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை. போதும், சோறு வேண்டாம் என்பது போலத்தான் சொன்னார்.

நாள்கள் போகப் போக அத்தை வெளுத்தார். நகத்தில் நிறம் போனது. பல் தேய்த்துவிட்டு வந்து மூச்சு வாங்கினார். மகளோடு சண்டை போடுவதை நிறுத்தினார். அதைக் கண்டுதான் மகள் மிகவும் பயந்தாள். வடிகட்டி கேன்டீனுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டான். வேலை அதிகம் என்றான்.

அப்படி ஒரு நாள் காலையில் காலிக் குழாய்க் கட்டு வாங்க ரத்தம் எடுக்கும் பிரிவுக்குப் போனான். சாய்வு நாற்காலியில் ஒரு மெலிந்த ஆள் படுத்திருந்தார். ஊசி அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்: "சார், கடிகாரத்தைக் கழட்டுங்க. அந்தக் கையில இருக்கறதையும் கழட்டுங்க. எதுல நரம்பு நல்லா இருக்குன்னு பார்க்கணும்."

வடிகட்டி கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"எதுக்கு சார் ரெண்டு?" என்று ஊசி அக்காதான் கேட்டாள். அவள் யாரிடமும் எதையும் கேட்டுவிடுவாள்.

"இது என்னுது" என்றார் அந்த ஆள். "இது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கற என் கடையில ஒருத்தர் ரிப்பேருக்குக் கொடுத்தது. வாங்க வரல. இது சாவி கொடுக்கற ரகம் இல்லம்மா, கையில கட்டியிருந்து கை ஆடினாத்தான் ஓடும். கழட்டி வச்சா நின்னுடும். சரி பண்ணி வச்ச பொருள் நிக்கக் கூடாது இல்ல? அதான் கட்டிக்கிட்டே திரியறேன்."

"எவ்வளவு நாளா?"

"ஆச்சு. ரெண்டு மழைக்காலம்."

"நேரம் தப்பா இருக்கே?"

"அவர் கொடுக்கும்போது கொஞ்சம் முன்னாடி வச்சிருந்தார். லேட்டா போற பழக்கம்னார். அதை நான் மாத்தல."

மச்சான் கல்லூரி நாளிலிருந்தே கடிகாரத்தைக் கால்மணி முன்னால் தள்ளி வைப்பான். தள்ளி வைத்திருப்பது அவனுக்கே தெரிந்திருப்பதால் அதற்கும் சேர்த்துத் தாமதமாக வருவான். இந்தப் பழக்கம் ஊரில் ஆயிரம் பேருக்கு உண்டு என்று வடிகட்டி தனக்குச் சொல்லிக்கொண்டான். இந்த ஆளை முன்பே எப்போதாவது இங்கே பார்த்திருப்பான், மறந்திருப்பான், அதுதான் அன்றைக்கு ஆட்டோவில் வாயில் வந்திருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டான். எல்லாம் அறிவுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

கேட்டிருக்கலாம். நாலே எட்டு. "அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றால் முடிந்தது. பதில் 'இல்லை' என்று வருமோ என்று அவன் பயப்படவில்லை. 'ஆமாம்' என்று வந்தால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. குழாய்க் கட்டை வாங்காமலே திரும்பினான். பின்னால் ஊசி அக்கா, "என்னடா, பேயைப் பார்த்தவன் மாதிரி போற?" என்று கத்தினாள்.

அதற்கடுத்த வாரம் மனைவி தன் அம்மாவை ஏதோ சொல்லிக் கிளப்பிக்கொண்டு வந்தாள். "வேண்டாம்னா நீயே டாக்டரம்மாகிட்ட நேர்ல சொல்லு. அதைச் சொல்லவாவது வா." மேல்மாடியில் அத்தையைப் படுக்க வைத்துவிட்டார்கள். மூச்சு மேலும் கீழும் இழுத்தது. டாக்டரம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்கு ஏறாவிட்டால் இதயம் தாங்காது என்றார். அத்தை அவனைப் பக்கத்தில் அழைத்தார்.

"கடைசியா ஒரு தடவை, மாப்பிள்ளை. சொல்லிட்டு வந்தீங்கன்னா போட்டுக்கறேன்."

"சொன்னேனா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"எனக்குத் தெரியும்."

கீழே அறைக்கு வந்தான். அத்தையின் ரத்தத்தோடு பொருந்துகிறது என்று சோதித்து எடுத்துவைத்த பை குளிர்பதனப் பெட்டியிலிருந்து வந்திருந்தது. எடுத்த தேதியைப் பார்த்தான். கடிகாரக்காரர் வந்த நாள். அன்றைக்கு இன்னும் எத்தனையோ பேர் கொடுத்திருப்பார்கள். யாருடையது என்று தெரியாது. ரத்தப் பையில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அதுதான் நாகரிகம் என்று அவனே எத்தனையோ முறை மேடை போட்டுச் சொல்லியிருக்கிறான்.

கொக்கியில் மாட்டினான். கவ்வியைத் திறந்தான். ரத்தம் இறங்கி வட்டை நனைத்து, மறுபக்கம் கசிந்து, கீழ்ப்பையில் முதல் சொட்டு விழுந்தது. பாதிவரை ஒழுங்காக வந்தது. பிறகு மெதுவாகி, சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையே அவன் இரண்டு மூச்சு விட வேண்டியிருந்தது. அப்புறம் நின்றேவிட்டது.

மேலே அத்தை காத்திருந்தார். வடிகட்டி முக்காலியிலிருந்து எழுந்து மேல்பையில் கையை வைத்தான். குளிர்ந்து, கனத்து, தூங்குகிறவர் வயிறு மாதிரி இருந்தது. ஒரு அழுத்து. கொஞ்சம்தான். ரத்தமும் இறங்கிவிடும், வாசலில் நிற்கிறவரும் உள்ளே போய்விடுவார். அத்தைக்குக் குளிர் வரும், கட்டில் ஆடும், கட்டில் ஓரத்தில் இரண்டு கடிகாரத்தோடு ஒருவர் உட்காருவார். அத்தை கேட்பார். இந்த ஆள் தலையை ஆட்டிவிட்டுப் போகமாட்டார், பதில் சொல்வார். அத்தை கேட்பது அது ஒன்றுதானே. விரல்கள் பையில் பதிந்தன. உள்ளே ஏதோ நகர்வது கைக்குத் தெரிந்தது.

கையை எடுத்தான். கையில் ஈரம் இல்லை. இருந்தாலும் கோட்டில் துடைத்தான்.

போய்க் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து முக்காலியை இழுத்துப் போட்டு, வட்டுக்கு நேராக முகம் வருகிற மாதிரி உட்கார்ந்தான். வெள்ளை வட்டு உள்ளே சிவந்து, மூடிய இமை மாதிரி இருந்தது.

"வாங்க" என்றான்.

கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னான். "வாங்க. ரொம்ப தூரமா?"

குளிர்பதனப் பெட்டி ஒன்று சத்தத்தை நிறுத்தியது. அறை கவனமானது.

"உள்ள விட முடியாதுங்க. தப்பா நினைக்கக் கூடாது. மேல இருக்கறவங்க உடம்பு தாங்காது." முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டான். "என் மச்சானைப் பார்த்தீங்களா? ஜன்னலோரம்தான் உட்காருவான். கடிகாரம் கால்மணி முன்னாடி இருக்கும்."

ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காததை அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். தன் மூச்சு எது, அறையின் மூச்சு எது என்று பிரித்தறிய முடியாத ஒரு நேரத்தில், கீழ்ப்பையில் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. குழாயில் மடிப்பு ஏதாவது விழுந்து தானாக நிமிர்ந்திருக்கும். அவன் எழுந்து பார்க்கவில்லை.

முழுவதும் இறங்கியதும் குழாயைச் சூடு வைத்து அடைத்தான். வட்டை வெட்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். எப்போதும் அங்கிருந்தே மஞ்சள் தொட்டிக்கு வீசுவான். குறி தப்பியதில்லை என்று அதிலும் பெருமை உண்டு. அன்றைக்குத் தொட்டிவரை நடந்தான்.

"போயிட்டு வாங்க. நாளைக்குக் கடைக்கு வர்றேன்" என்று சொல்லி, குனிந்து, சத்தம் வராமல் வைத்தான்.

மேல்மாடிக்குப் பையைக் கொண்டுபோனபோது அத்தை கண்ணைத் திறந்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன் அத்தை."

"யாரு வந்திருந்தாங்க?"

மனைவி அவனை முறைத்தாள், இப்போதாவது வாயை மூடு என்பது போல.

"தெரியல அத்தை. கேட்டேன். பேசல."

அத்தை அவன் முகத்தையே பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை விலக்கி, நர்ஸ் பக்கம் கையை நீட்டினார்.

அவன் கீழே இறங்கி வந்தபோது அறைக் கதவருகே டிரைவர் அண்ணன் நின்றிருந்தார். வேறு யாருக்கோ அவசரமாக ஒரு பை வேண்டுமாம், வடிகட்டியதும் எடுத்துப் போக வந்திருக்கிறார். "வாங்க, ரொம்ப தூரமா?" என்றார் வழக்கம்போல. வடிகட்டி ஒரு நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினான். பையைக் கொக்கியில் மாட்டினான். கவ்வியில் கையை வைத்தவன், திறப்பதற்கு முன் வட்டின் பக்கம் லேசாகக் குனிந்தான்.

"வாங்க" என்றான், கதவுக்கு வெளியே கேட்காதபடி.